வட்ட ஆர்.என்.ஏ. நோயெதிர்ப்பைக் கிளப்புகிறதா, அடக்குகிறதா?

நீங்கள் கேட்டது இது: வட்ட ஆர்.என்.ஏ. உடலின் நோயெதிர்ப்பைக் கிளப்பிவிடும் என்று ஓர் ஆய்வுக் கட்டுரையில் படித்தீர்கள், அடக்கி வைக்கும் என்று இன்னொன்றில் படித்தீர்கள், இரண்டில் எதை நம்புவது? கூடவே, உங்கள் அக்காவுக்கு லூபஸ், அதாவது நோயெதிர்ப்பு தன் உடலையே தாக்கும் நோய், இருப்பதால் அவர் ரத்தத்தில் வட்ட ஆர்.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது என்று சோதித்தால் பலன் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. தன் சொந்த ஆர்.என்.ஏ. எது, வெளியிலிருந்து வந்த ஆர்.என்.ஏ. எது என்று செல் எப்படிப் பிரித்துப் பார்க்கிறது, அது எப்போது தப்புக் கணக்குப் போடுகிறது என்பதுதான் அது. நான் பதினான்கு வருடமாக ஆர்.என்.ஏ. ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். அதில் ஆறு வருடம் வட்ட ஆர்.என்.ஏ.வைச் சோதனைக் குழாயில் செய்து செல்களுக்குள் செலுத்திப் பார்ப்பதில் போனது. ஆனால் நான் மருத்துவர் இல்லை. அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியதைக் கடைசியில் அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

முதலில் சுருக்கமான பதில். நீங்கள் படித்த இரண்டு கட்டுரைகளும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை. ஒன்று, செல் தானே தன் உட்கருவுக்குள் செய்துகொள்ளும் வட்டங்களைப் பற்றியது. மற்றது, நாம் குழாயில் செய்து உள்ளே அனுப்பும் வட்டங்களைப் பற்றியது. பெயர் ஒன்றாக இருப்பதால் சண்டைபோல் தெரிகிறது. உண்மையான சண்டை இரண்டாவது வகைக்குள்ளேதான் நடக்கிறது. அதற்கு வருமுன் கொஞ்சம் அடிப்படை வேண்டும்.

ஆர்.என்.ஏ. என்பது மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகல் இழை. சாதாரண ஆர்.என்.ஏ. பூச்சரம் மாதிரி. இரண்டு நுனி உண்டு. நுனியைப் பிடித்து இழுத்தால் பூக்கள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வரும். செல்லுக்குள் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகளில் பெரும்பாலானவை அப்படித்தான் நுனியிலிருந்து தின்னத் தொடங்குகின்றன. அதே சரத்தின் இரண்டு நுனியையும் சேர்த்து முடிந்துவிட்டால் பிடிக்க இடமே இல்லை. அதனால் செல்லுக்குள் புரதம் செய்யும் குறிப்பைச் சுமக்கும் ஒரு சாதாரண எம்.ஆர்.என்.ஏ. சில மணி நேரத்தில் கரைந்து போகும்போது, பல வட்டங்கள் இரண்டு நாளுக்கு மேலும் நிற்கின்றன. இந்த முடிச்சு விழும் விதமும் எளிமையானதுதான். மரபணுவிலிருந்து படியெடுத்த நீள ஆர்.என்.ஏ.வில் இன்ட்ரான் என்ற தேவையில்லாத துண்டுகளை வெட்டி எறிந்து, எக்ஸான் என்ற தேவையான துண்டுகளை வரிசையாக ஒட்டுவது செல்லின் அன்றாட வேலை. சில சமயம் பின்னால் வரும் எக்ஸானின் வால், முன்னால் உள்ள எக்ஸானின் தலையோடு ஒட்டிக்கொள்கிறது. வட்டம் ஆகிவிடுகிறது. இரு பக்கத்து இன்ட்ரான்களிலும் ஒன்றுக்கொன்று பொருந்தும் வரிசைகள் இருந்தால் இது எளிதாக நடக்கும். மனிதரில் ஆலு என்ற திரும்பத் திரும்ப வரும் வரிசைகள் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்கின்றன.

வட்ட ஆர்.என்.ஏ. முதலில் தெரியவந்தது நோய்க் கிருமியாகத்தான் என்பதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோயெதிர்ப்புக் கதைக்கு அது முக்கியம். உருளைக்கிழங்கை மெலிந்து நீளச் செய்யும் ஒரு நோய்க்குக் காரணம் புரதமே இல்லாத வெறும் ஆர்.என்.ஏ. என்று 1971-ல் அமெரிக்காவில் தியோடர் டைனர் கண்டு, அதற்கு வைராய்டு என்று பெயர் வைத்தார். அந்த ஆர்.என்.ஏ. மூடிய வட்டம் என்று 1976-ல் ஜெர்மனியின் ஹைன்ஸ் ஸெங்கரும் உடன் உழைத்தவர்களும் காட்டினார்கள். பிலிப்பைன்ஸில் கோடிக்கணக்கான தென்னைகளைச் சாகடித்த காடாங்-காடாங் நோயும் வைராய்டுதான். அதன் அடிப்படை வடிவம் 246 எழுத்து (ஆர்.என்.ஏ.வின் ஒவ்வொரு கண்ணியையும் எழுத்து என்போம்) நீளமுள்ள ஒரு வட்டம். அவ்வளவு சின்ன ஒன்று அவ்வளவு உயரமான மரத்தைச் சாய்க்கிறது என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும். மனிதரைத் தாக்கும் ஹெபடைடிஸ் டெல்டா வைரஸின் மரபுப்பொருளும் வட்ட ஆர்.என்.ஏ.தான், சுமார் 1,700 எழுத்து. ஆக, வட்டமான ஆர்.என்.ஏ. கண்ணில் பட்டால் சந்தேகப்பட ஒரு செல்லுக்குக் காரணம் இருக்கிறது.

நம் செல்களிலும் வட்டங்கள் இருப்பதை 1979-ல் ஷு, கோகா-பிராடோஸ் இருவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார்கள். 1991-ல் பெர்ட் வோகல்ஸ்டைன் குழு ஒரு மரபணுவில் எக்ஸான்கள் வரிசை மாறி ஒட்டியிருப்பதைக் கண்டது. இதெல்லாம் ஒட்டுவதில் நேர்ந்த பிழை என்றே இருபது வருடம் ஓரமாகக் கிடந்தது. ஏராளமான ஆர்.என்.ஏ.வை ஒரே சமயத்தில் வரிசைப்படுத்தும் கருவிகள் வந்த பிறகு, 2012, 2013 ஆண்டுகளில் ஸ்டான்ஃபோர்டின் ஜூலியா ஸால்ஸ்மன் உள்ளிட்ட பலர், மனித செல்களில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் வட்டங்களைத் தருகின்றன என்று காட்டினார்கள்.

சரி, இப்போது காவலுக்கு வருவோம். இயல்பு நோயெதிர்ப்பு என்பது, குறிப்பிட்ட கிருமியை முன்பே சந்தித்துப் பழகாமலே, பிறவியிலிருந்து செல்லில் இருக்கும் பாதுகாப்பு. ஆர்.என்.ஏ. விஷயத்தில் நான்கு காவலர்களைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் போதும். ரிக்-ஐ என்ற புரதம், முனையில் மூன்று பாஸ்பேட் ஒட்டிய, அந்த முனையிலேயே இரட்டை இழையாக இருக்கும் ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும். நம்முடைய எம்.ஆர்.என்.ஏ.வுக்கு அந்த முனையில் மூடி போடப்பட்டிருக்கும், பல வைரஸ்களுக்கு அப்படி இருக்காது. எம்.டி.ஏ.5 நீளமான இரட்டை இழையைப் பிடிக்கும். இந்த இரண்டும் விழித்துக்கொண்டால் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் வெளியே போய் அக்கம்பக்கத்துச் செல்களையும் உஷார்ப்படுத்தும். மூன்றாவது பி.கே.ஆர். இதுவும் இரட்டை இழையைப் பிடிக்கிறது. சுமார் முப்பது எழுத்து ஜோடிக்கு மேல் நீளமிருந்தால் இரண்டு பி.கே.ஆர். அருகருகே உட்கார்ந்து ஒன்றையொன்று தூண்டிவிடும். பிறகு செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்திவிடும். வைரஸுக்கும் புரதம் செய்ய வழியில்லாமல் போகும். நான்காவது ஆர்.என்.ஏஸ்-எல். இரட்டை இழையைக் கண்டுபிடிக்கும் இன்னொரு நொதி ஒரு சிறு மூலக்கூறைச் செய்து அனுப்ப, அது வந்து இதை எழுப்பும். எழுந்ததும் ஆர்.என்.ஏ.க்களை நடுவிலேயே வெட்டித் தள்ளும். நுனி தேவையில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தை அழிக்க நடுவில் வெட்டும் கத்தி வேண்டும், அது இதுதான்.

செல்லின் சொந்த வட்டங்களைப் பற்றி எனக்கு அதிகம் நம்பிக்கை தரும் ஆய்வு 2019-ல் ஷாங்காயில் லிங்-லிங் சென்னின் ஆய்வகத்திலிருந்து வந்தது. அவர்கள் பார்த்தது இது. அமைதியாக இருக்கும் செல்லில் உள்ள வட்டங்கள் பலவும் தமக்குள்ளேயே மடிந்து, 16 முதல் 26 ஜோடி நீளமுள்ள சின்னச் சின்ன இரட்டை இழைத் துண்டுகளை உண்டாக்குகின்றன. அந்தத் துண்டுகள் அங்கங்கே கொஞ்சம் பொருந்தாமலும் இருக்கும். அந்த நீளம் பி.கே.ஆர். வந்து ஒட்டிக்கொள்ளப் போதும், இரண்டு பி.கே.ஆர். அருகருகே உட்கார்ந்து தூண்டிக்கொள்ளப் போதாது. விளைவு, வட்டங்கள் பி.கே.ஆரைக் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கின்றன. வைரஸ் நுழைந்தாலோ, பாலி ஐ:சி என்ற செயற்கை இரட்டை இழையைச் செலுத்தினாலோ ஆர்.என்.ஏஸ்-எல் விழித்து வட்டங்களைப் பெருமளவில் வெட்டிவிடுகிறது. பிடி விட்டதும் பி.கே.ஆர். வேலையில் இறங்குகிறது. அதே வரிசையை நீள இழையாகச் செய்து கொடுத்தால் அந்த அளவுக்குப் பிடித்து வைக்க முடியவில்லை. அதனால்தான் வட்டம் என்ற வடிவத்துக்கே இங்கே பங்கு இருக்கிறது என்கிறோம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேலைப் பங்கீடு. குறிப்பிட்ட ஒரு வட்டம் இங்கே நாயகன் கிடையாது. தனித்தனியாக எண்ணினால் பெரும்பாலான வட்டங்கள் ஒரு செல்லில் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கும். ஆயிரக்கணக்கான வகைகள் சேர்ந்து ஒரு கூட்டமாகத்தான் பி.கே.ஆரைப் பிடிக்கின்றன. எந்த மரபணுவிலிருந்து வந்தது என்பது இங்கே முக்கியமில்லை, மடிந்த வடிவம்தான் முக்கியம். இதே ஷாங்காய்க் குழுக்கள் 2017-லேயே இன்னொரு பக்கத்தையும் காட்டியிருந்தார்கள். என்.எஃப்.90, என்.எஃப்.110 என்ற இரண்டு புரதங்கள் கருவுக்குள் வட்டங்கள் உருவாக உதவுகின்றன. வைரஸ் வந்ததும் அவை கருவை விட்டு வெளியேறி வைரஸின் எம்.ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கப் போய்விடுகின்றன. கருவுக்குள் வட்ட உற்பத்தி குறைகிறது. ஆக, தொற்றின்போது இருக்கிற வட்டங்களும் வெட்டுப்படுகின்றன, புதிய வட்டங்களின் வரத்தும் குறைகிறது. தனித்தனி வழியில் வந்த இரண்டு முடிவுகள் ஒரே திசையைக் காட்டுவதால் இந்தப் பகுதியை உறுதியானவற்றின் பட்டியலில் வைக்கிறேன். நீங்கள் படித்த “அடக்கும்” கட்டுரை இந்த வகையைச் சேர்ந்தது.

இப்போது சிக்கலான பகுதி. 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் ஹோவர்ட் சாங்கின் ஆய்வகத்தில் கிரேஸ் சென்னும் சகாக்களும், டி4 என்ற பாக்டீரியா வைரஸின், தானே தன்னை வெட்டிக்கொள்ளும் இன்ட்ரானைப் பயன்படுத்திக் குழாயில் ஒரு வட்டம் செய்து மனித செல்லில் செலுத்தினார்கள். ரிக்-ஐ வழியாக வலுவான எதிர்ப்பு கிளம்பியது. மனித இன்ட்ரானைப் பயன்படுத்திச் செல்லுக்குள்ளேயே உருவான வட்டம் அப்படிக் கிளப்பவில்லை. எந்த இன்ட்ரான் முடிச்சுப் போட்டது என்பதை வைத்தே செல் தன்னுடையதா அந்நியமா என்று அறிகிறது என்றார்கள். 2019-ல் அதற்கு ஒரு வழிமுறையும் சொன்னார்கள். சொந்த வட்டங்கள் உருவாகும்போதே எம்6ஏ என்ற சிறிய மீத்தைல் முத்திரை குத்தப்படுகிறது, முத்திரை உள்ளவற்றை ஒய்.டி.எச்.டி.எஃப்.2 என்ற புரதம் அடையாளம் கண்டு விட்டுவிடுகிறது, முத்திரை இல்லாதவை ரிக்-ஐயிடம் மாட்டுகின்றன என்பது அது. அழகான கருத்து. நீங்கள் படித்த “கிளப்பும்” கட்டுரை இந்தக் குடும்பம்.

அதே 2019-ல் எம்.ஐ.டி.யில் டேனியல் ஆண்டர்சனின் குழுவில் அலெக்சாண்டர் வெஸல்ஹோஃப்ட் நேரெதிரான முடிவை வெளியிட்டார். குழாயில் செய்த வட்டத்தை எச்.பி.எல்.சி. என்ற பிரித்தெடுக்கும் முறையை வைத்து நன்றாகச் சுத்தம் செய்தால் நோயெதிர்ப்பு கிட்டத்தட்ட கிளம்புவதே இல்லை, கிளப்பியது கூடவே ஒட்டி வந்த குப்பைதான் என்றார். இத்தனைக்கும் அவர் பயன்படுத்திய முறையில் எம்6ஏ முத்திரை எதுவும் இல்லை.

இந்தக் குப்பை என்றால் என்ன என்று என் மேஜையிலிருந்தே சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கையால் செய்யாதவர்களுக்குக் கட்டுரையில் இது ஒரு வரியாகக் கடந்துபோகும். டி7 பாலிமரேஸ் நொதியை வைத்து முதலில் நீள ஆர்.என்.ஏ. செய்கிறோம். அதன் முனையில் மூன்று பாஸ்பேட் இருக்கும், அதாவது ரிக்-ஐக்குப் பிடித்தமான முனை. போதாததற்கு இந்த நொதி கொஞ்சம் இரட்டை இழையையும் துணைப்பொருளாகச் செய்துவிடும். பிறகு மக்னீசியமும் ஜி.டி.பி. (GTP) என்ற சிறு மூலக்கூறும் சேர்த்துச் சூடாக்கினால், இரண்டாகப் பிரித்து முன்பின் மாற்றி வைத்த இன்ட்ரான் தானே தன்னை வெட்டிக்கொண்டு, நடுப்பகுதியை வட்டமாக்கிவிடும். இப்போது குழாயில் இருப்பவை: வட்டம், வட்டமாகாமல் தங்கிய நீள இழை, கழன்று விழுந்த இன்ட்ரான் துண்டுகள், அப்புறம் மக்னீசியச் சூட்டில் ஒரு இடத்தில் உடைந்து மறுபடி நீள இழையான முன்னாள் வட்டங்கள். இவற்றை அளவுப்படி பிரிக்க மின்சாரம் வைத்து ஜெல்லில் ஓட்டினால் அடியில் இன்ட்ரான் துண்டுகள் பளிச்சென்று தெரியும். மேலே வட்டமும் உடைந்த வட்டமும் அடுத்தடுத்து நிற்கும். ஜெல்லின் அடர்த்தியை மாற்றினால் நீள இழை தன் இடத்திலேயே இருக்க, வட்டம் மட்டும் இன்னும் பின்தங்கும். வட்டம்தானா என்று அறிய நாங்கள் பார்க்கும் முதல் அடையாளம் அதுதான். ஆர்.என்.ஏஸ்-ஆர் என்ற நொதியைப் போட்டால் நீள இழைகளைத் தின்றுவிடும், வட்டம் மட்டும் மிஞ்சும் என்று பாடம் சொல்லும். இறுக்கமாக மடிந்த நீள இழைகளை அது முழுதாகத் தின்னாது என்பதை அனுபவம் சொல்லும்.

என் முதல் வட்டங்களை நான் ஆர்.என்.ஏஸ்-ஆர் மட்டும் போட்டுவிட்டு நுரையீரல் செல்களில் செலுத்தினேன். மறுநாள் அளந்தபோது இன்டர்ஃபெரான்-பீட்டா எகிறியிருந்தது. ஏழு மாதம் அந்த முடிவை நம்பி மேற்கொண்டு சோதனைகளை அடுக்கினேன். பிறகு ஒரு மூத்த சக ஊழியர் ஜெல் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, வட்டத்தின் அடியில் மங்கலாக ஓடிய ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டி, “இதை வெட்டி எடுத்துத் தனியாகச் செலுத்திப் பார்” என்றார். செலுத்தினேன். எகிறியது அந்தக் கோடுதான். வட்டத்தை மட்டும் பிரித்தெடுத்து, பாஸ்பேட்டை நீக்கும் நொதியையும் போட்டுச் செலுத்தியபோது இன்டர்ஃபெரான் அடிமட்டத்தில் கிடந்தது. அந்த ஏழு மாதத்துக்காக நான் இன்றும் வருத்தப்படுகிறேன். ஆனால் இந்தத் துறையின் பல முரண்பாடுகளை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

எல்லாம் குப்பையால்தான் என்று முடித்துவிடவும் முடியாது. 2022-ல் லிங்-லிங் சென் குழு இன்னொரு காரணத்தைக் காட்டியது. இன்ட்ரான் முறையில் செய்யும்போது, முடிச்சு சரியாக விழுவதற்காக வட்டத்துக்குள்ளேயே கொஞ்சம் அந்நிய வரிசை தங்கிவிடுகிறது. டி4 முறையில் சுமார் 74 எழுத்து, அனபீனா என்ற நீலப்பசும்பாசியின் இன்ட்ரான் முறையில் சுமார் 186 எழுத்து. இந்தத் துண்டுகள் மடிந்து வட்டத்தின் இயல்பான வடிவத்தைக் கெடுத்து நோயெதிர்ப்பைக் கிளப்பக்கூடும். இன்ட்ரானே இல்லாமல், லைகேஸ் நொதியால் இரு நுனியையும் நேரடியாக ஒட்டிச் செய்த வட்டங்கள் அப்படிக் கிளப்பவில்லை என்று காட்டினார்கள். அவற்றில் எம்6ஏ முத்திரை கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

இந்த இடத்தில் என் தீர்ப்பைச் சொல்கிறேன், தீர்ப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வட்டமாக இருப்பது மட்டுமே எதிர்ப்பைக் கிளப்பப் போதாது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். ரிக்-ஐ நுனியைத் தேடும் புரதம், வட்டத்தில் நுனியே இல்லை. ஆகவே சுத்தமான வட்டம் ரிக்-ஐயைக் கிளப்பியது என்று யாராவது சொன்னால், சுத்தம் செய்ததைக் காட்டும் ஜெல் படத்தைத்தான் முதலில் கேட்பேன். எம்6ஏ முத்திரைக் கருத்தைப் பாதி நம்புகிறேன். முத்திரை இருந்தால் எதிர்ப்பு தணிகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. முத்திரை இல்லாத வட்டம் எல்லாமே அந்நியமாகக் கருதப்படும் என்ற பகுதியைத்தான் பிறகு வந்த முடிவுகள் அசைத்துவிட்டன. எந்த வகைச் செல், எவ்வளவு அளவு, எந்தக் கொழுப்புத் துளியில் வைத்துச் செலுத்தினார்கள் என்பதைப் பொறுத்தும் விடை மாறுகிறது. செலுத்தும் கொழுப்பே சில சமயம் அழற்சியை உண்டாக்கும்.

இந்த விவாதம் வெறும் ஆய்வகச் சண்டையாக நிற்கவில்லை. கோவிட் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகள் சாத்தியமானதற்குக் காரணம், ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றான யூரிடினை மாற்றினால் காவலர்கள் அமைதியாகிறார்கள் என்று 2005-ல் கட்டலின் காரிகோவும் ட்ரூ வைஸ்மனும் கண்டது. 2023-ல் நோபல் பரிசும் அதற்குத்தான். வட்டத்தில் அந்த வித்தையை அப்படியே செய்ய முடியாது. எழுத்துகளை முழுவதும் மாற்றினால் இன்ட்ரான் சரியாக மடியாது, முடிச்சு விழாது. ஆகவே மாற்றாத எழுத்துகளோடு அமைதியான வட்டம் செய்ய முடியுமா என்பதில்தான் வட்ட ஆர்.என்.ஏ. மருந்துகளின் பிழைப்பே இருக்கிறது. பீக்கிங் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2022-ல் கொரோனா வைரஸின் கூர்ப்புரதப் பகுதியை வட்ட ஆர்.என்.ஏ.வில் வைத்து எலிகளிலும் குரங்குகளிலும் நல்ல எதிர்ப்பொருள் வரச் செய்தது. தடுப்பூசிக்குக் கொஞ்சம் கிளப்புவது நல்லதும்கூட. உடலில் குறைந்துபோன ஒரு புரதத்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டிய மருந்துக்கு அதே கிளப்பல் ஆகாது. இன்னொரு பக்கம், பி.கே.ஆரைப் பிடித்து உட்கார வைக்கும் அந்தக் குணத்தையே மருந்தாக்கப் பார்க்கிறார்கள். சொரியாசிஸ் போன்ற தோல் அழற்சியை உண்டாக்கிய எலிகளில், லைகேஸ் முறையில் செய்த சிறு வட்டங்கள் அழற்சியைத் தணித்திருக்கின்றன. எலியில் நடந்தது அவ்வளவுதான், அதற்கு மேல் இப்போது அதில் எதுவும் படிக்க வேண்டாம்.

சந்தேகத்தோடு படிக்க வேண்டிய ஒரு வகைக் கட்டுரையைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும், இணையத்தில் தேடினால் முதலில் அகப்படுவது அதுதான். “இன்ன வட்டம் இன்ன மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி, அதனால் இன்ன நோயெதிர்ப்பு மரபணு கூடுகிறது” என்ற அச்சில் வார்த்த கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது மரபணுக்களின் வேலையை அடக்கும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ. பஞ்சுக் கருத்து 2013-ல் வந்தபோது உதாரணமாக இருந்த வட்டத்தில் மிர்-7 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒட்டும் இடங்கள் எழுபதுக்கு மேல் இருந்தன, மூளையில் அது ஏராளமாகவும் இருந்தது. மற்ற வட்டங்களில் பெரும்பாலானவற்றில் ஒன்றோ இரண்டோ இடம்தான். ஒரு செல்லில் பத்து வட்டம், ஆளுக்கு ஒரு இடம், எதிரே ஆயிரக்கணக்கான மைக்ரோ ஆர்.என்.ஏ. என்றால் உறிஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? அந்த முதல் உதாரணத்திலேயே, 2017-ல் பெர்லினில் அந்த வட்டம் இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது மிர்-7 கூடவில்லை, குறைந்தது. வெறும் பஞ்சு என்று சொன்னால் அது பொருந்தவில்லை. ஒரு கட்டுரையை எடுத்ததும் செல் ஒன்றுக்கு எத்தனை பிரதி என்று எண்ணியிருக்கிறார்களா என்று பாருங்கள். எண்ணவில்லை என்றால் முடிவைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடலாம்.

இனி அக்கா விஷயம். லூபஸ் நோயாளிகளின் ரத்த செல்களில் வட்ட ஆர்.என்.ஏ. குறைந்தும் பி.கே.ஆர். கூடுதலாக விழித்தும் இருந்தது என்பது நான் மேலே சொன்ன அதே 2019 ஷாங்காய் ஆய்வில் உள்ளதுதான். அந்த செல்களுக்கு வெளியிலிருந்து வட்டத்தைக் கொடுத்தபோது பி.கே.ஆர். தணிந்தது என்றும் காட்டினார்கள். இது உண்மையான, ஆர்வமூட்டும் முடிவு. ஆனால் இதிலிருந்து ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் போகும் வழி நீளமானது. லூபஸில் இன்டர்ஃபெரான் கூடுதலாக இருப்பது நன்றாக உறுதியான விஷயம். இன்டர்ஃபெரான் கூடினால் ஆர்.என்.ஏஸ்-எல் பாதையும் முறுக்கேறும், அது வட்டங்களை வெட்டும். எனவே வட்டம் குறைந்ததால் நோய் வந்ததா, நோய் இருப்பதால் வட்டம் குறைந்ததா என்று ஒரு ரத்த மாதிரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. லூபஸ் உள்ள பலருக்கு லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் குறைவாக இருக்கும். ஒவ்வொரு வகை ரத்த செல்லிலும் வட்டங்களின் அளவு வேறு என்பதால், செல் கலவை மாறினாலே கணக்கு மாறும். மாதிரி எடுத்த குழாய் மேஜையில் சில மணி நேரம் காத்திருந்தாலும் மாறும். வட்டத்தை அளக்க, முதுகுக்கு முதுகு காட்டி நிற்கும் பிரைமர்களை (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டுகளை) வைத்து, ஒட்டிய மூட்டை மட்டும் பெருக்கிப் பார்க்கிறோம். படியெடுக்கும் நொதி ஓர் இழையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால், இல்லாத வட்டமும் இருப்பதுபோல் காட்டும். ஆய்வகத்தில் பத்துத் தடவை சரிபார்த்துச் செய்யலாம். காசு வாங்கிக்கொண்டு ஒரு தாளில் ஒரு எண்ணைக் கொடுத்தால் அந்த எண்ணை வைத்து எந்த மருத்துவரும் ஒரு முடிவும் எடுக்க முடியாது. அதனால் யாராவது இப்படி ஒரு சோதனையை விற்றால் வாங்காதீர்கள்.

ஆர்.என்.ஏ.வைத் தவறாக அடையாளம் காண்பதற்கும் லூபஸுக்கும் உள்ள தொடர்பு வட்டத்தை நம்பி நிற்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒற்றை இழை ஆர்.என்.ஏ.வைப் பார்க்கும் டி.எல்.ஆர்.7 என்ற இன்னொரு காவலர், ஒரே ஒரு எழுத்து மாறியதால் அளவுக்கு மீறி விழித்து ஒரு சிறுமிக்கு லூபஸ் வந்ததை 2022-ல் வெளியிட்டார்கள். அதே மாற்றத்தை எலியில் வைத்தபோது எலிக்கும் லூபஸ் போன்ற நோய் வந்தது. இன்டர்ஃபெரான் பற்றிய அறிவு மருந்தாகவும் மாறியிருக்கிறது. அதன் ஏற்பியை அடைக்கும் அனிஃப்ரோலுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2021-ல் அனுமதி கிடைத்தது. அக்காவுக்கு அது தேவையா என்பது அவருடைய வாத நோய் மருத்துவர் சொல்ல வேண்டியது. பெரும்பாலும் அவருக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுத்திருப்பார்கள். நான் சொன்ன டி.எல்.ஆர்.7 போன்ற காவலர்களின் வேலையைத் தணிப்பது அந்த மாத்திரை செய்யும் காரியங்களில் ஒன்று என்று கருதுகிறோம்.

ஆகவே இப்போதைக்கு அவருக்குப் பயன்படும் எண்கள் மருத்துவர் வழக்கமாகக் கேட்பவைதான்: சிறுநீரில் புரதம், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின், சி3, சி4 என்ற ரத்தப் புரதங்கள், டி.என்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருள். உடம்பு நன்றாக இருக்கிறது என்று சிறுநீர்ச் சோதனையைத் தள்ளிப் போட வேண்டாம், லூபஸில் சிறுநீரகம் வலியில்லாமலே கெடக்கூடும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடுகிறார் என்றால், தொடங்கிய முதல் வருடத்துக்குள் ஒரு தடவை விழித்திரையைப் பார்த்துக்கொள்வதும், ஐந்து வருடம் ஆன பிறகு வருடாவருடம் பார்ப்பதும் வழக்கம். அந்த முதல் பரிசோதனை நடந்திருக்கிறதா என்று அவரிடம் இன்றைக்கே கேளுங்கள்.